யாரும் எண்ணாத நாய்கள்

1558 டிசம்பரில் அந்தோணி ஜென்கின்சன் என்ற ஆங்கில வணிகர் புகாரா நகருக்கு வந்து சேர்ந்தார். லண்டனின் மஸ்கோவி கம்பெனி அவரைச் சீனாவுக்கு வழி தேடி அனுப்பியிருந்தது. வழி கிடைக்கவில்லை. மத்திய ஆசியச் சந்தைகளையும் சண்டைகளையும் பற்றி எழுதிவைத்துவிட்டு ஊர் திரும்பினார். அந்தக் குறிப்புகளில் ஒரு புழுவும் இடம்பிடித்திருக்கிறது. நகரின் நடுவே ஓடும் சிற்றாற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்களின் காலில், தோலுக்கும் சதைக்கும் இடையே, ஒரு கஜத்துக்கும் அதிக நீளமுள்ள புழு வளர்கிறது. வைத்தியர்கள் அதைக் கணுக்கால் பக்கமாகப் பிடித்து, நாளுக்கு ஓர் அங்குலம் வீதம் சுருட்டி வெளியே எடுக்கிறார்கள். நடுவில் அறுந்துபோனால் ஆள் பிழைப்பதில்லை என்று எழுதுகிறார். இத்தனைக்கும் அந்த ஊரில் தண்ணீரும் குதிரைப் பாலும் தவிர வேறெதையும் குடிக்கக் கூடாது என்று சட்டம். மீறியவருக்குச் சந்தை வீதியில் சவுக்கடி. ஜென்கின்சனின் எழுத்தில் தெரியும் எரிச்சலைப் பார்த்தால், மது குடிக்க விட்டிருந்தாலாவது இவர்கள் தப்பியிருப்பார்களே என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

அவர் பார்த்தது கினிப்புழு நோய். தமிழ்நாட்டில் இதற்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். இன்றைய தலைமுறையில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அநேகமாகக் கிடையாது. 1986இல் உலகில் ஆண்டுக்கு 35 லட்சம் பேரை இந்தப் புழு படுக்கவைத்தது என்று மதிப்பிட்டார்கள். 2024இல் நோய் கண்டவர்கள் 15 பேர். இந்த இறக்கத்தில் மருந்துக்கோ தடுப்பூசிக்கோ பங்கில்லை. இரண்டுமே இந்த நோய்க்கு இன்றுவரை கிடையாது.

பெண் புழு ஒரு மீட்டர் வரை வளரும். தடிமன் சேமியா அளவுதான். ஆண் புழு சில சென்டிமீட்டரோடு நின்றுவிடும், இணை சேர்ந்தபின் செத்தும் போகும். கருவுற்ற பெண் புழு தோலுக்கடியில் மெல்ல நகர்ந்து, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே வந்து தங்கும். ஏறத்தாழ ஓர் ஆண்டு வரை அந்த ஆளுக்கு எதுவும் தெரியாது. பிறகு ஒரு நாள் காலில் அரிப்பு, ஒரு கொப்புளம், தீயாய் எரிச்சல். எரிச்சல் தாங்காமல் அவர் எங்கே போவார்? பக்கத்துக் குட்டைக்குத்தான். காலைத் தண்ணீரில் வைத்ததும் கொப்புளம் உடைகிறது, புழுவின் முனை வெளியே நீள்கிறது, வெள்ளையாக ஒரு திரவம் தண்ணீரில் கலக்கிறது. அதில் இருப்பவை லட்சக்கணக்கான இளம்புழுக்கள். சைக்ளாப்ஸ் என்ற, கண்ணுக்குப் புள்ளியாக மட்டுமே தெரியும் நீர்வாழ் உயிரி அவற்றைத் தின்கிறது. அதன் உடலுக்குள் இரண்டு வாரம் இருந்து, அடுத்த ஆளுக்குத் தொற்றும் பக்குவத்தை அவை அடைகின்றன. அந்தத் தண்ணீரை ஒருவர் மொண்டு குடிக்கிறார். வயிற்று அமிலத்தில் சைக்ளாப்ஸ் செத்துவிடுகிறது. உள்ளே இருந்த இளம்புழு சாவதில்லை. குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் புறப்படுகிறது.

எடுக்கும் முறை ஜென்கின்சன் காலத்திலிருந்து அதிகம் மாறவில்லை. காலை ஒரு வாளித் தண்ணீரில் வைத்துப் புழுவை வெளியே வரத் தூண்டுவார்கள் (அந்த வாளித் தண்ணீரைக் குளத்தில் கொட்டக் கூடாது, வறண்ட மண்ணில்தான் கொட்ட வேண்டும்). வெளியே தெரியும் முனையை ஒரு குச்சியிலோ மருத்துவத் துணிச் சுருளிலோ சுற்றி, சுற்றிலும் உள்ள சதையைத் தடவிக்கொடுத்தபடி மெல்ல இழுப்பார்கள். புழு இழுவைக்கு எதிராக முறுக்கிக்கொண்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தம். கட்டுப் போட்டுவிட்டு மறுநாள் தொடர வேண்டும். ஒரு நாளில் சில சென்டிமீட்டர் வந்தால் நல்ல நாள். முழுப் புழுவும் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு இழுத்து அறுந்தால், மிச்சப் பகுதி உள்ளே சுருங்கி, அந்த இடம் வீங்கிச் சீழ் பிடிக்கும். மூட்டுப் பக்கமென்றால் கால் மடங்காமலே போகலாம். சாவு அபூர்வம். ஆனால் ஒருமுறை வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தி எதுவும் உருவாகாததால், அடுத்த ஆண்டும் வரலாம், அதற்கடுத்த ஆண்டும் வரலாம்.

சாவு குறைவு என்பதாலேயே உலகம் இதைக் கண்டுகொள்ளாமல் இருந்தது. கிராமத்தாரின் கணக்கு வேறு. புழு வெளிவரும் பருவம் பல ஊர்களில் நடவு அல்லது அறுவடைப் பருவமாக இருந்தது. தென்கிழக்கு நைஜீரியாவின் நெல் விவசாயிகளைப் பற்றி 1987இல் யுனிசெஃப் ஆதரவில் ஓர் ஆய்வு நடந்தது. 16 லட்சம் பேர் வாழ்ந்த அந்தப் பகுதியில், காலை ஊன்ற முடியாமல் ஆட்கள் படுத்துக்கிடந்ததால் மட்டும் ஆண்டுக்கு 2 கோடி டாலர் மதிப்புள்ள நெல் போயிற்று என்றது அது.

இந்தப் புழுவும் தண்ணீரும் எங்கே சந்திக்கின்றன என்பதைக் கண்டவர் அலெக்சி ஃபெட்சென்கோ என்ற ரஷ்ய இயற்கையியலாளர். 1870இல் துர்கெஸ்தானில், இளம்புழுக்கள் சைக்ளாப்ஸின் உடலுக்குள் நுழைவதை நுண்ணோக்கியில் பார்த்தார். 3 ஆண்டுகளில் ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றில் சிக்கி இளம் வயதிலேயே இறந்துபோனார். சங்கிலியின் அடுத்த கண்ணியை 1905 வாக்கில் பொருத்தியவர் ராபர்ட் லெய்ப்பர். இன்றைய கானாவின் அக்ரா நகரில் வேலை பார்த்த அவர், தொற்றுள்ள சைக்ளாப்ஸை வாழைப்பழத்தில் வைத்து ஒரு குரங்குக்குத் தின்னக் கொடுத்தார். 6 மாதம் கழித்து அதன் உடலைத் திறந்து பார்த்தபோது புழுக்கள் இருந்தன. தண்ணீரின் மீதிருந்த குற்றச்சாட்டு உறுதியானது. கூடவே இன்னொன்றும் அந்தச் சோதனையில் இருந்தது: இந்தப் புழு ஒரு குரங்குக்குள்ளும் வளரும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜென்கின்சன் பார்த்த புகாராவிலேயே நோயை ஒழித்தும் காட்டினார்கள். அந்த நகரம் குடித்தது ஹவுஸ் எனப்படும் கல் படிக்கட்டுக் குளங்களிலிருந்து. தோல் பைகளில் தண்ணீர் சுமப்பவர்கள் வெறுங்காலோடு படியிறங்கி மொண்டு வருவார்கள். முடிதிருத்துபவர்களே புழு எடுக்கும் நிபுணர்கள். 1920களில் சோவியத் அரசு லியோனிட் இசாயேவ் என்ற ஒட்டுண்ணியியலாளரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. நோயாளிகளைத் தேடிக் கணக்கெடுத்தார்கள், குளங்களை வற்றவைத்துச் சுத்தம் செய்தார்கள், தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் கட்டிக் குழாய் போட்டார்கள். 1931க்குப் பிறகு உள்ளூரில் புதிய நோயாளி இல்லை. மனிதரிடம் நோய் நின்றபின்னும் அந்தப் பக்கத்து நாய்களில் புழு தென்பட்டது, அதுவும் பதிவாகியிருக்கிறது. ஆனால் நாயிலிருந்து நோய் மனிதருக்குத் திரும்பவில்லை. ஆகவே நாய் ஒரு பொருட்டல்ல என்று முடிவாயிற்று. அன்றைக்கு அது நியாயமான முடிவுதான்.

இந்தியாவுக்குத் தேசியத் திட்டம் வந்தது 1983-84இல். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு என ஏழு மாநிலங்களில், 12,000க்கும் மேற்பட்ட கிராமங்களில், 1984இல் ஏறத்தாழ 40,000 நோயாளிகள். தமிழ்நாடு ஆரம்ப ஆண்டுகளிலேயே பட்டியலிலிருந்து விலகிக்கொண்டது. கடைசிவரை இழுத்தடித்தது ராஜஸ்தான். அங்கே ஒரு கிராமத்தின் குடிநீர் ஒரே படிக்கிணற்றில் இருக்கும். குடத்தோடு இறங்குபவரின் கால் தண்ணீரை மிதித்துத்தான் ஆக வேண்டும். படிகளை அடைத்து, மேலிருந்து கயிற்றில் இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். மாற்ற முடியாத இடத்தில் அடிபம்பு போட்டார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்க்கப்பட்டு, சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் தொழிற்சாலையில் உற்பத்தியான இந்தியா மார்க் 2 அடிபம்பு பின்னாளில் ஆப்பிரிக்கக் கிராமங்கள் வரை போனதற்கு இந்தப் புழுவும் ஒரு காரணம். இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது.

உலக அளவில் இதை ஒழித்துவிடலாம் என்று முதலில் வாதாடியவர் டொனால்ட் ஹாப்கின்ஸ். சியரா லியோனில் பெரியம்மை ஒழிப்பை நடத்திவிட்டு அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் திரும்பியிருந்தவர். 1981 முதல் 1990 வரை குடிநீர்ப் பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்ததும், அது வெற்றி பெற்றதா இல்லையா என்பதை அளக்கக் கினிப்புழுவை விடச் சிறந்த அளவுகோல் கிடையாது என்றார். அவர் வாதத்தில் வலு இருந்தது. நோயைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். காலிலிருந்து தொங்கும் புழுவை யாரும் வேறொன்றாக நினைக்க மாட்டார்கள். கொசுவைப்போல சைக்ளாப்ஸ் பறந்து ஊர் தாண்டாது. ஓர் ஆண்டு முழுவதும் ஒரு ஊரார் புழுவோடு குளத்தில் இறங்காமலும், வடிகட்டாத தண்ணீரைக் குடிக்காமலும் இருந்துவிட்டால், அந்த ஊரில் நோய் தீர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, புழுவுக்கு மனிதனை விட்டால் வேறு புகலிடம் இல்லை.

அந்தக் கடைசி வரியின் மேல்தான் முழுத் திட்டமும் நின்றது.

1986இல் உலக சுகாதாரப் பேரவை ஒழிப்புத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் மையம் களத்தில் இறங்கியது. தோற்ற அதிபர்கள் நூலகம் கட்டுவதும் நினைவுக் குறிப்பு எழுதுவதும் வழக்கம். கார்ட்டர் இதையும் எடுத்துக்கொண்டார். 1988இல் அவர் கானாவுக்குப் போனபோது நடந்ததைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் ஓர் இளம்பெண் மார்போடு எதையோ அணைத்தபடி நின்றாள். கைக்குழந்தை என்று நினைத்து அருகே போனார். அவள் தாங்கிப் பிடித்திருந்தது வீங்கிப்போன தன் மார்பை. காம்பிலிருந்து புழு வெளிவந்துகொண்டிருந்தது.

கார்ட்டரால் முடிந்ததும் மருத்துவர்களால் முடியாததும் ஒன்று உண்டு. அவர் தொலைபேசியில் அழைத்தால் பெரிய இடங்களில் எடுப்பார்கள். பருத்தித் துணி வடிகட்டி ஈரத்தில் மக்கிப்போகிறது, சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது என்ற புகார் வந்தபோது, டூபான்ட் நிறுவனத்தில் பெரும்பங்கு வைத்திருந்த எட்கர் பிரான்ஃப்மனிடம் பேசினார். ஒற்றை இழை நைலானில் நெய்த, சைக்ளாப்ஸ் நுழைய முடியாத நுண்கண் துணி தயாராகி இலவசமாக வந்தது. பானையின் வாயில் அதைக் கட்டித் தண்ணீரை ஊற்றினால் போதும். மாடு மேய்க்கவும் வயலுக்கும் போகிறவர்கள் பானையைச் சுமக்க முடியாதே? அவர்களுக்குக் கழுத்தில் கயிற்றோடு தொங்கும், முனையில் அதே துணி பொருத்திய உறிஞ்சு குழாய். அமெரிக்கன் சயனமிட் நிறுவனமும், பிறகு பிஏஎஸ்எஃப் நிறுவனமும் சைக்ளாப்ஸைக் கொல்லும் அபேட் மருந்தைத் தந்தன. டெங்கு காலத்தில் நம் வீட்டுத் தொட்டியில் மாநகராட்சி ஊழியர் ஊற்றிவிட்டுப் போகிறாரே, அதே அபேட்தான். மிகச் சிறிய அளவில் 4 வாரத்துக்கு ஒருமுறை குளத்தில் கலந்தால் சைக்ளாப்ஸ் சாகும். குடிப்பவருக்கும் மீனுக்கும் கேடில்லை.

பொருள்கள் வந்தன, அவற்றைப் பயன்படுத்த மனிதர்களை இணங்கவைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. தாத்தா காலத்திலிருந்து குடித்துவரும் குளத்தில் புழு இருக்கிறது என்று வெளியூர்க்காரர் வந்து சொன்னால் யார் நம்புவார்கள்? அதுவும், குடிப்பதற்கும் புழு வருவதற்கும் இடையே ஓர் ஆண்டு இடைவெளி. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரரையே தன்னார்வலராகப் பிடித்தார்கள். குளத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, உள்ளே துள்ளும் புள்ளிகளைக் காட்டுவார். பிறகு துணியில் வடித்துக் காட்டுவார். படம் போட்ட அட்டைகளை விட இது நன்றாக வேலை செய்தது. புழு தலைகாட்டிய 24 மணி நேரத்துக்குள் நோயாளியைக் கண்டறிய வேண்டும், புழு முழுவதும் வெளியேறும்வரை அவர் தண்ணீரில் இறங்கக் கூடாது, ஒரு வாரத்துக்குள் மேற்பார்வையாளர் நேரில் வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று விதிகள் வகுத்தார்கள். நைஜீரியாவில் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் யாகுபு கோவனும், மாலியில் முன்னாள் ஆட்சித் தலைவர் அமாடூ துமானி தூரேயும் கிராமம் கிராமமாகப் போய் அதிகாரிகளை உலுக்கினார்கள். 1988இல் 6,50,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்த நைஜீரியா 2008இல் கடைசி நோயாளியைப் பார்த்தது. பாகிஸ்தான் 1993லேயே முடித்துவிட்டது.

போர் நடந்த இடங்களில் இந்த விதிகள் எதுவும் செல்லவில்லை. சூடானில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டிருந்தன. புழு அதிகம் இருந்ததோ சண்டை நடந்த தெற்கில். 1995 மார்ச்சில் கார்ட்டர் இரு தரப்பையும் ஒரு போர்நிறுத்தத்துக்குச் சம்மதிக்கவைத்தார். இரண்டு மாதம் என்று தொடங்கியது, நீட்டித்து நீட்டித்து ஏறத்தாழ 6 மாதம் நின்றது. சுகாதார ஊழியர்கள் அதுவரை கால்வைக்காத கிராமங்களுக்கு வடிகட்டித் துணியோடு போனார்கள். போன கையோடு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், ஆற்றுக் குருட்டு நோய்க்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு புழுவின் பெயரால் துப்பாக்கிகள் அரை ஆண்டு ஓய்ந்தன. மீண்டும் சுடத் தொடங்கியபின் பத்தாண்டுக் காலம் வேலை நொண்டியது. 2006இல், அமைதி ஒப்பந்தம் வந்தபின், தெற்கில் முறையாக எண்ணிப் பார்த்தபோது 20,000க்கும் மேல் நோயாளிகள். அவ்வளவும் 2017இல் பூஜ்ஜியத்துக்கு வந்தது. மறு ஆண்டே 10 பேராகத் திரும்பியது.

கானாவிலும் இதே கதை, சிறிய அளவில். 1994இல் வடக்குக் கானாவில் ஒரு கினிக்கோழி பேரத்தில் மூண்ட தகராறு இனச் சண்டையாக வெடித்து ஆயிரக்கணக்கில் உயிர்களைக் குடித்தது. புழு ஒழிப்பு வேலையும் அதில் அடிபட்டது. 2006இல் 4,000க்கும் மேல் இருந்த நோயாளிகள், நோயாளியைக் காப்பகத்தில் தங்கவைத்து மூன்று வேளைச் சோறு போட்டுத் தினமும் கட்டு மாற்றும் ஏற்பாடு வந்தபின், 2009இல் 242, 2010இல் 8 என இறங்கினார்கள். அத்தோடு அங்கே கதை முடிந்தது.

இப்படி ஒவ்வொரு நாடாக அறுபட்டுக்கொண்டே வந்ததால், எல்லாம் கைக்கு எட்டிய தூரம் என்றே தோன்றியது. முதல் கெடு 1995. அது 2009 ஆயிற்று, 2015 ஆயிற்று, 2020 ஆயிற்று. கெடு தவறிய ஒவ்வொரு முறையும் போர், வறட்சி, நிதிப் பற்றாக்குறை என்று காரணம் சொல்ல முடிந்தது. 2010க்குப் பிறகு சாட் நாட்டில் நடந்ததற்கு அந்தக் காரணங்கள் எதுவும் பொருந்தவில்லை.

சாட் பத்தாண்டுகளாக ஒரு நோயாளியைக்கூடப் பதிவுசெய்யாத நாடு. 2010இல் திடீரென 10 பேர். சரி, எங்கோ கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது என்று நினைத்தார்கள். 2011இல் மீண்டும் 10. 2012இல் மீண்டும் 10. தொற்றுநோய்க்காரர்களை உறுத்தியது இந்தச் சீரான எண்தான். கினிப்புழு நடந்துகொள்ளும் விதம் அவர்களுக்கு மனப்பாடம்: இந்த ஆண்டு ஒரு குளத்தில் ஒருவர் இறங்கினால், அடுத்த ஆண்டு அதே குளத்தில் குடித்த பத்துப் பதினைந்து பேருக்கு வரும். சாட்டில் அப்படி இல்லை. நோயாளிகள் ஷாரி ஆற்றங்கரை நெடுக இங்கொருவர் அங்கொருவராகச் சிதறிக் கிடந்தார்கள். ஒரே வீட்டில் ஒரே தண்ணீரைக் குடித்தவர்களில் ஒருவருக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. யாரிடமிருந்து யாருக்கு என்று கோடு போட முடியவில்லை.

2012இல் விடை நான்கு காலில் வந்தது. அந்தக் கிராமங்களின் நாய்களின் காலிலிருந்து புழு தொங்கியது. ஆய்வுக்கூடத்தில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில், நாயின் புழுவும் மனிதனின் புழுவும் ஒன்றேதான். தேடத் தேட எண்ணிக்கை கூடியது: 2016இல் 1,011 நாய்கள், 2019இல் 1,935. தகவல் சொன்னால் பணம் என்று அறிவித்தபின் கண்கள் கூர்மையானதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும், 10 மனிதருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான நாய்கள் இருந்திருக்கின்றன; இத்தனை ஆண்டும் எண்ணப்பட்டவர்கள் மனிதர்கள் மட்டும்தான்.

நாய்க்கு எப்படி வருகிறது? குளத்துத் தண்ணீரை நக்கிக் குடிப்பதால் என்பது சுலபமான பதில். ஆனால் நாய் நாக்கால் அள்ளிக் குடிக்கும்போது சைக்ளாப்ஸ் பெரும்பாலும் தப்பி விலகிவிடுகிறது என்று சோதனைகள் காட்டின. சந்தேகம் மீன் பக்கம் திரும்பியது. கோடையில் ஷாரி வற்றும்போது கரையோரப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். ஊரே இறங்கி மீனை வாரும். கரையில் குவித்துவைத்துப் பெண்கள் வயிற்றைக் கீறிக் குடலை எறிவார்கள். மீனைக் காயவைப்பார்கள் அல்லது புகையில் வாட்டுவார்கள். எறிந்த குடல் நாய்க்கு விருந்து. சைக்ளாப்ஸைத் தின்ற மீனின் குடலில் அது அப்படியே இருக்கலாம். தவளையின் சதையில் இளம்புழு உயிரோடு பதுங்கியும் இருக்கலாம். அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் தொற்றேற்றிய தலைப்பிரட்டைகளைத் தின்ற ஃபெரெட் என்ற சிறு ஊனுண்ணி விலங்குகளில் புழு வளர்ந்தது. சாட்டில் பிடித்த ஒரு தவளையிலும் இளம்புழு கிடைத்தது. சரியாக வேகாத மீன் மனிதருக்கும் ஒரு வழியாக இருந்திருக்கலாம் என்று பார்த்தால், அந்தச் சிதறிய 10 பேரின் புதிரும் ஓரளவு அவிழ்கிறது.

புகாரா நாய்களையும் லெய்ப்பரின் குரங்கையும் இப்போது திரும்பிப் பார்த்துத் திட்டம் போட்டவர்களைக் குற்றம் சொல்வது எளிது. அவர்கள் முன்னால் 35 லட்சம் மனித நோயாளிகள் இருந்தார்கள். நாயைத் தேடப் போயிருந்தால் காசும் ஆளும் சிதறியிருக்கும், இந்தியாவும் நைஜீரியாவும் இன்னும் சில ஆண்டு தாமதித்திருக்கும். உண்மையில் அங்கெல்லாம் மனிதர் வழியை அடைத்ததே போதுமானதாகவும் இருந்தது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒழிப்புக்கு ஏற்ற நோய் என்று நிதி கேட்கும்போது திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாதம், நாளடைவில் சோதித்துப் பார்க்கத் தேவையில்லாத உண்மையாகிவிட்டது. புழுவுக்கு வேறு புகலிடமில்லை என்பது அதுவரை யாரும் தேடிப் பார்க்காத முடிவு.

சாட் கிராமங்களில் வேலையின் முகம் மாறியது. குளத்தைவிட இப்போது மீன் சுத்தம் செய்யும் இடம் முக்கியம். குடலை எறியாதே, குழி வெட்டிப் புதை, மீனை நன்றாக வேகவை என்பது புதிய பாடம். நோயுள்ள மனிதரைப் பற்றித் தகவல் தந்தால் 100 டாலருக்கு நிகரான தொகை. புழு வெளிவரும் நாயைக் காட்டி, அது முழுவதும் வெளியேறும்வரை கட்டிவைத்தால் 20 டாலர். சங்கிலியும் பூட்டும் திட்டச் செலவில். ஊர் சுற்றிப் பழகிய நாயைக் கட்டிப்போட்டால் குரைத்து உயிரை எடுக்கும், அதற்கு வேளாவேளைக்குத் தீனியும் போட வேண்டும். தானியம் பற்றாத மாதங்களில் அது சின்ன விஷயமல்ல. இருந்தும் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டிவைத்தன. 1,935ஆக இருந்த எண்ணிக்கை, பூனைகளையும் சேர்த்து, 2023இல் ஏறத்தாழ 500ஆக இறங்கியது.

எத்தியோப்பியாவின் காம்பெல்லா பகுதியில் இந்த வழியும் அடைபட்டது. அங்கே புழு காட்டில் திரியும் பபூன் குரங்குகளிலும் இருக்கிறது. பபூனைச் சங்கிலியில் கட்ட முடியாது, அதற்கு உரிமையாளர் கிடையாது, பரிசு கொடுக்க ஆளில்லை. காட்டுக்குள் அவை குடிக்கும் குட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்து அபேட் ஊற்றுவதும், சிலவற்றைப் பொறிவைத்துப் பிடித்துச் சோதிப்பதும்தான் நடக்கிறது. 2007இலேயே நோயற்ற நாடு என்று சான்றிதழ் வாங்கிய கேமரூனில், சாட் எல்லையை ஒட்டிய கிராமங்களின் நாய்களில் புழு திரும்பியிருக்கிறது. அங்கோலாவில் 2018க்கு முன் இந்த நோய் பற்றிய பதிவே இல்லை. அங்கும் இப்போது மனிதர்களிலும் நாய்களிலும் கண்டிருக்கிறார்கள்.

தன்னை விடப் புழு முந்திச் சாக வேண்டும் என்று 2015இல், புற்றுநோய் வந்ததை அறிவித்த செய்தியாளர் சந்திப்பிலேயே கார்ட்டர் சொன்னார். அதற்குப் பிறகும் 9 ஆண்டு வாழ்ந்து, 2024 டிசம்பர் 29 அன்று 100 வயதில் காலமானார். அந்த ஆண்டின் 15 நோயாளிகளில் 9 பேர் சாட்டிலும் 6 பேர் தெற்கு சூடானிலும் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 200 நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் சான்றிதழ் தந்துவிட்டது; அங்கோலா, சாட், எத்தியோப்பியா, மாலி, தெற்கு சூடான், சூடான் ஆகிய ஆறும் மிச்சம். புதிய கெடு 2030. இந்த முறை சான்றிதழுக்கு மனிதரில் பூஜ்ஜியம் என்பதோடு விலங்குகளிலும் பூஜ்ஜியம் வேண்டும்; அதுவும் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு.

இன்று பெரிதும் தேவைப்படுவது ஒரு பரிசோதனை. புழு தோலைத் துளைத்து வெளியே வரும்வரை, எந்த நாய்க்குள் அது இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கிராமத்தில் வைத்துச் செய்யக்கூடிய வழி எதுவும் இல்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகளை ஆய்வுக்கூடங்கள் உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. அப்படியொன்று கைக்கு வந்தால், ஊரிலுள்ள எல்லா நாயையும் முன்னெச்சரிக்கையாக மாதக்கணக்கில் கட்டிவைக்கத் தேவையிருக்காது. தொற்றுள்ள நாலு நாயைப் பிரித்தால் போதும். அதுவரை ஷாரி ஆற்றங்கரையின் திட்டக் கூட்டங்களில், கட்டிவைத்த நாய்க்கு யார் செலவில் தீனி போடுவது என்ற கேள்வி ஒவ்வொரு கோடைக்கும் எழுந்துகொண்டேதான் இருக்கும்.